ஹெஸ்லரின் கதிரைகள்

12 பெப்ரவரி 2025, புதன்

இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பிழை விட்டேன். வேர்னன் ஹெஸ்லர் இருபத்திரண்டு படங்களை இயக்கினார் என்று சொன்னேன். அவர் இயக்கியவை ஒன்பதுதான். மற்றவை வேறு இயக்குநர்களுக்காக அவர் படத்தொகுப்புச் செய்தவை. பட்டியலின் தலைப்பை வாசிக்காமல் எண்ணியிருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. இன்று வகுப்பு தொடங்கும்போது கையை உயர்த்தித் திருத்திச் சொன்னேன். அப்போதும் யாரும் கவனிக்கவில்லை.

இது டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர மாலைப் பள்ளியின் திரைப்பட வரலாற்று வகுப்பு. பகலில் மருந்துக் கிடங்கில் பொதிகளைச் சரிபார்க்கிறேன். ஒவ்வொருவரும் குறிப்பேடு எழுத வேண்டும் என்பது ஆசிரியை மரினாவின் விதி. "எந்த மொழியிலும் எழுதலாம். நான் வாசிக்கப் போவதில்லை" என்றார். அதனால் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்ட பிறகு நான் தமிழில் எழுதுவது இதில் மட்டும்தான்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தவர் ஹெஸ்லர். அடுத்த புதன்கிழமை அவரைப் பற்றி நான் பேச வேண்டும். இதுவரை தெரிந்தவை: அயோவாவில் ஒரு ரயில் நிலைய அதிபரின் மகன். பத்தொன்பது வயதில் கலிபோர்னியா போய் ஒரு ஸ்டூடியோவின் படச்சுருள் வெட்டும் அறையில் உதவியாளரானார். போர்க்காலத்தில் இராணுவச் செய்திப் படங்களைத் தொகுத்தார். முப்பத்தியொரு வயதில் முதல் படம். மூன்று படங்கள் வந்து போயின. நான்காவது படம் 'உப்புக் களஞ்சியம்' அவரை உலகம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. அதற்குப் பிறகு ஐந்து படங்கள். எல்லாப் புத்தகங்களும் அவற்றைச் சரிவு என்கின்றன.

'உப்புக் களஞ்சியத்தில்' எல்லோரும் பேசும் காட்சி ஒன்றுதான். மகன் தகப்பனின் செத்தவீட்டுக்கு ஊர் திரும்புகிறான். பெட்டியைக் காட்ட மாட்டார்கள். அழுபவர்களையும் காட்ட மாட்டார்கள். ஒரு மண்டபத்தில் வரிசையாக வெறும் கதிரைகள். சனங்கள் நடக்கிற, இருமுகிற, முணுமுணுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான்கு நிமிடம். மரினா இதைப் போட்டுக் காட்டிவிட்டு, "டென்மார்க்கில் படம் எடுக்கிற பாதிப் பேர் இந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். அந்த நான்கு நிமிடமும் நான் குறிப்பு எடுக்க மறந்துபோனேன்.

போன வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் செத்தவீடு. அப்பாவின் தமையன் மரியதாசன் பெரியப்பா மாரடைப்பால் காலமானார். வெள்ளிக்கிழமை மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். வழக்கமாக வீடியோ எடுப்பவர் ஒடென்சேயில் இருக்கிற மகேந்திரராசா அண்ணை. அவர் அன்று கனடாவில். அப்பா என்னைப் பார்த்து, "நீதானே படம் படிக்கிறாய், நீ எடு" என்றார். சிற்றாலயம் நிலக்கீழ் அறையில் இருப்பதால் இணையத் தொடர்பு இல்லை, நேரலை விட முடியாது. வந்தவர்களிடம் அப்பா, "போனைப் பைக்குள்ளை வையுங்கோ, பிள்ளை எடுக்கிறாள்" என்றும் சொல்லிவிட்டார். ஆகவே அன்றைய பதிவு என்று ஒன்று இருந்தால் அது என்னிடம் மட்டும் இருக்கிறது.

இரண்டு மணி நேரப் பதிவு. இந்த வாரம் தொகுக்கிறேன்.

15 பெப்ரவரி, சனி

தொகுத்து முடித்தேன். பதினெட்டு நிமிடம். பெட்டியின் மேல் இருந்த பூக்கள், பாதிரியாரின் கை, உயரத்துச் சன்னலில் தெரிந்த சைக்கிள் சக்கரங்கள், சப்பாத்துகள், கடைசியில் கதிரைகள். அழுகை முகங்கள் முழுவதையும் வெட்டிவிட்டேன். வரிசையில் வந்து பெட்டியைச் சுற்றிப் போனவர்களையும் வெட்டிவிட்டேன், ஒரே மாதிரி இருந்தது. சத்தத்தை மட்டும் வைத்தேன்.

நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை சந்தேகம் வந்தது. நான்காவது முறை பார்க்கவில்லை.

மன்னாரில் இருக்கிற, அப்பாவின் அக்கா லூர்தம்மா மாமிக்கும் ஒடென்சே உறவினர்களுக்கும் அனுப்பினேன்.

16 பெப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அப்பா தொலைக்காட்சியில் போட்டார். நான் சமையலறையில் நின்றேன். 

"அஜந்தினி, இஞ்சை வா."

போனேன்.

"ஆக்கள் எங்கை?"

"சத்தம் இருக்கே, அப்பா" என்று டேனிஷில் சொன்னேன்.

"சத்தத்தை வைச்சு என்ன செய்யிறது? ஒடென்சேக்காரர் வேலைக்கு லீவு போட்டு வந்தவை. அதிலை ஒரு மனுசன் ஊண்டுகோலோடை வந்தவர். அவரின்ரை சப்பாத்துத்தான் தெரியுது."

அம்மா இடையில் புகுந்தார். "அழகாத்தான் எடுத்திருக்கிறாள். ஆனா பிள்ளை, செத்தவீட்டு வீடியோ அழகுக்கு எடுக்கிறேல்லை. ஆர் வந்தது எண்டு பாக்கத்தான்."

அதற்குள் மாமியின் குரல் செய்தி வந்துவிட்டது. அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

"பேனாட், உன்ரை மேள் அனுப்பினதைப் பாத்தன். முழுக்கக் கதிரை. உங்கடை நாட்டிலை கதிரையளுக்கோ செத்தவீடு செய்யிறனீங்கள்?" ஒரு இருமல். "எனக்கு ஒண்டுதான் தெரிய வேணும். ஜெசிந்தன் வந்தவனோ? பெட்டியடிக்கு வந்தவனோ?"

இதை எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே குழம்பக் கூடாது. ஜெசிந்தன் சித்தப்பா அப்பாவின் தம்பி. எஸ்பியர்க் துறைமுகத்தில் வேலை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுஜீதா சித்தியைக் கல்யாணம் செய்தார். நாங்கள் கத்தோலிக்கர், சித்தி சைவ சமயம். தாலி கட்டியது முருகன் கோயிலில். பெரியப்பா, "என்ரை வாசலிலை ஏறாதை" என்றார். சித்தப்பா, "உங்கடை செத்தவீட்டுக்கும் வரமாட்டன்" என்றார். மாமி பெரியப்பாவின் பக்கம். "அவன் அண்ணன்ரை காலடிக்குப் போகும் வரைக்கும் எனக்கு அப்பிடி ஒரு தம்பி இல்லை" என்று சொன்னவர், அன்றிலிருந்து சித்தப்பாவோடு கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்தார். நான் கண்டேன். எல்லோரும் கண்டோம். அப்பா அன்றே மாமிக்குத் தொலைபேசியில் சொன்னார். மாமி நம்பவில்லை. "நான் ஆறட்டும் எண்டு சொல்லுறியள்" என்றாராம். வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தவர்.

வருகிற திங்கள் அல்ல, அதற்கு அடுத்த திங்கள், இருபத்திநாலாம் திகதி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் மாமிக்கு இருதய ஒப்பரேஷன். அதற்கு முன் தம்பியோடு கதைத்துவிட விரும்புகிறார். ஆனால் சொன்ன சொல்லை விட்டு இறங்க அவருக்கு ஒரு காட்சி வேண்டும். அந்தக் காட்சியைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்.

"முழுசையும் வைச்சிருக்கிறியோ, அழிச்சுப் போட்டியோ?" அப்பா கேட்டார்.

நான் எதையும் அழிப்பதில்லை. கிடங்கில் பழகிய பழக்கம்.

17 பெப்ரவரி, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் முழுப் பதிவையும் அப்பாவும் நானும் பார்த்தோம். வரிசை நகர்கிறது. ஒடென்சேக்காரர். ஊன்றுகோல்காரர். பெரியப்பாவின் வேலைத்தளத்து டேனிஷ்காரர் இரண்டு பேர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். பிறகு வாசலில் ஒரு மண்ணிற ஜாக்கெட்டின் தோள். சித்தி பின்னால். சித்தப்பா இரண்டு அடி வைக்கிறார்; முன்னால் நிற்பவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் மறைக்கிறார்கள்.

அந்த இடத்தில் கமரா திரும்பிவிடுகிறது. கதிரைகள்.

நான் திருப்பியிருக்கிறேன். படத்தொகுப்பில் வெட்டியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எடுக்கும்போதே விட்டிருக்கிறேன். சித்தப்பாவின் முகம் கோணியது ஞாபகம் இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் அப்படி உடைவதை நான் முன்பு பார்த்ததில்லை. அன்று, ஹெஸ்லரைப் போல எடுக்கிறேன் என்று நினைத்தேன். இன்று பார்த்தால் கமரா திரும்பிய வேகத்தில் ஹெஸ்லர் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது. இரண்டில் எது என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கதிரைகளின் மேல் சித்தப்பாவின் குரல் கேட்கிறது.

"அண்ணை. அண்ணை, நான் ஜெசி. வந்திட்டன்."

பிறகு மரத்தில் கை படுகிற சத்தம். பிறகு அழுகை.

அப்பா எழும்பிப் போய் வாசல் பனியை வழித்தார். காலையில் ஏற்கனவே வழித்திருந்தார்.

அந்தப் பகுதியை வெட்டாமல், வாசலில் தோள் தெரிகிற இடத்திலிருந்து மாமிக்கு அனுப்பினேன்.

18 பெப்ரவரி, செவ்வாய்

மாமியின் பதில்:

"பிள்ளை, குரல் அவன்ரைதான். தோளும் அவன்ரை மாதிரித்தான் கிடக்கு. ஆனா நீ படம் வெட்டப் படிக்கிற பிள்ளை. ஒருக்கா வெட்டினனீ, இப்ப ஒட்டியும் இருப்பாய். உன்ரை அப்பரும் சேந்து ரெலிபோனிலை அவனைக் கதைக்க வைச்சுப் பொருத்தியிருப்பார். பெட்டியடியிலை அவன் நிக்கிறதை எனக்குக் காட்டு. கதிரையைக் காட்டாதை. கதிரை இஞ்சையும் இருக்கு."

திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபிக்க இடமில்லை. முதல் வீடியோவை அனுப்பாமல் இருந்திருந்தால் மாமி இரண்டாவதை நம்பியிருப்பார்.

நூலகத்தில் கேட்டிருந்த புத்தகம் இன்று வந்தது. ஹெஸ்லருக்கு எழுபத்தெட்டு வயதில் எடுத்த நீண்ட நேர்காணல். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கதிரைகள் பற்றிய பகுதியை வாசித்துவிட்டேன்.

பெட்டிக் காட்சியை அவர் எடுத்திருக்கிறார். படப்பிடிப்பு நடந்த சிற்றூரின் சனங்கள் எல்லோரும் தங்கள் சொந்த நல்ல உடுப்பில் வந்து பெட்டியைச் சுற்றி நடந்தார்கள். முழுநாள் வேலை. படச்சுருள் கழுவும் இடத்தில் பழுதாகிவிட்டது. மறுபடி எடுக்க ஸ்டூடியோ விடவில்லை. மிஞ்சியது, காலையில் வெளிச்சம் பார்க்க உதவி ஒளிப்பதிவாளர் எடுத்த வெறும் கதிரைகள் மட்டும். அதன் மேல் அன்று தனியாகப் பதிந்திருந்த சத்தத்தை வைத்து ஒட்டினார். விமர்சகர்கள் அதைத் திட்டமிட்ட கலை என்று எழுதத் தொடங்கினார்கள். "நான் மறுக்கவில்லை. சில வருடங்களில் நானும் அதை நம்பத் தொடங்கினேன்" என்கிறார்.

அந்த ஊரில் படம் வந்தபோது அவரை அழைத்திருந்தார்கள். வெளியே வரும்போது ஒரு பெண் கையைப் பிடித்து நிறுத்தி, "என் அப்பாவை எந்த இடத்தில் காட்டினீர்கள்? நான் தவறவிட்டுவிட்டேன் போல" என்று கேட்டாள். அவளுடைய அப்பா அன்று நடந்தவர்களில் ஒருவர். படம் வருவதற்குள் இறந்துவிட்டார். ஹெஸ்லர், "நடுவில்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவருடைய பிந்திய ஐந்து படங்களையும் நான் வகுப்புக்காக ஏற்கனவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் கதை நின்றுவிடும். துணை நடிகர்களின் முகங்களைக் கமரா ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு போகும். எல்லாப் புத்தகங்களும் இதை அவரின் பலவீனம் என்கின்றன. நானும் எனது உரையில் "சரிவு" என்றே எழுதி வைத்திருந்தேன். சொந்தமாகக் கண்டுபிடித்தது போல எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

19 பெப்ரவரி, புதன்

உரை முடிந்தது.  கதிரைகள் எப்படி வந்தன என்று சொன்னேன். பிந்திய படங்களில் முகங்கள் வருகிற இடங்களைப் போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

மரினா கேட்டார்: "அப்படியென்றால் கதிரைகள் நல்ல காட்சி இல்லையா?"

"எனக்கு இப்போதும் பிடிக்கிறது" என்றேன். "ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை."

"அவள் ஒருத்திதானே."

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு டேனிஷில் திருத்தினேன்.  மரினா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

செத்தவீட்டைப் பற்றி வகுப்பில் சொல்லவில்லை.

20 பெப்ரவரி, வியாழன்

ஜெசிந்தன் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் அவருக்கு எடுத்தது இதுவே முதல் தடவை. அப்பா பேசினால் பழையது கிளறும் என்று அம்மா சொன்னதால் நான் எடுத்தேன். என்ன சொல்வது என்று முதலே எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வசனத்திலேயே அது உதவவில்லை.

"ஆர், அஜந்தினியோ? என்ன பிள்ளை, உன்ரை படத்தைப் பற்றி ஒடென்சே முழுக்கக் கதை. சப்பாத்துக் கொம்பனி விளம்பரமாம்."

"சித்தப்பா, அதுக்குத்தான் எடுத்தனான்."

மாமி கேட்பதையும், ஒப்பரேஷனுக்கு முன் அவரோடு கதைக்க விரும்புவதையும் சொன்னேன். 

"நான் போனது அண்ணையிட்டை. அக்காவுக்குப் படம் காட்ட இல்லை."

"தெரியும், சித்தப்பா. உங்கடை முகம் அதிலை இல்லை. நீங்கள் அழத் தொடங்க நான் கமராவைத் திருப்பிப் போட்டன். அதாலைதான் மாமி நம்பேல்லை."

"திருப்பினனியோ?"

"ஓம்."

"நல்ல வேலை செய்தாய்." அவர் மூச்சு விட்டது கேட்டது. "அதையும் எடுத்து ஊர் முழுக்க அனுப்பியிருப்பாய் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சது. துறைமுகத்திலை பொடியள் பாத்திருப்பாங்கள் எண்டு தலை நிமிரேல்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமி பார்க்க வேண்டும் என்பதையே நினைத்திருந்தேன். சித்தப்பா பார்க்கப்பட விரும்பவில்லை என்பது என் கணக்கில் இருக்கவில்லை. கமராவைத் திருப்பியது பிழை என்று திங்கட்கிழமையிலிருந்து நினைத்து வருகிறேன். அதையும் இப்போது முழுதாகச் சொல்ல முடியாது.

"மாமி ஒருத்தர்தான் பாக்க வேணும்" என்றேன். "வேறை ஒருத்தருக்கும் தேவையில்லை."

"அக்கா எடுக்கட்டும். நம்பர் மாறேல்லை."

"மாமி எடுக்கமாட்டா. உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப நானும் எடுக்கமாட்டன். அவவும் நானும் ஒரே வயித்திலை பிறந்தனாங்கள்."

பின்னால் சித்தியின் குரல் கேட்டது: "ஒப்பரேஷன் எப்ப எண்டு கேளுங்கோ, மனுசி தனியக் கிடக்கப் போகுது."

"அக்காவுக்கு எப்ப ஒப்பரேஷன்?"

"திங்கள்."

"எந்தத் திங்கள்?"

"வாற திங்கள், சித்தப்பா."

இந்த அழைப்பு வரை ஒப்பரேஷன் பற்றி அவருக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அவரோடு கதைக்காதவர்கள்.

அந்தப் பக்கம் ஒரு கதிரையை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. 

"சனிக்கிழமை வா" என்றார். "சித்தி சமைப்பா. மீன் சாப்பிடுவாய்தானே?"

"ஓம்."

"உந்தக் கமரா ஒண்டும் கொண்டு வராதை. போன் மட்டும்."

21 பெப்ரவரி, வெள்ளி

இடைவேளையில் கிடங்கின் பின்வாசலில் நின்று மாமிக்கு எடுத்தேன். காற்று. இரண்டு தடவை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"நாளைக்கு நான் எஸ்பியர்க் போறன், மாமி. சித்தப்பா வீட்டை. அங்கையிருந்து வீடியோவிலை எடுப்பன்."

"அவன் உன்னை எடுக்கச் சொன்னவனோ?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு இதுவும் ஒரு ஒட்டு வேலை ஆகிவிடும் என்று தோன்றியது.

"எடுக்கச் சொல்லேல்லை. போன் மட்டும் கொண்டு வரச் சொன்னவர்."



"எத்தினை மணிக்கு?"

"இஞ்சை ரெண்டு. உங்களுக்கு ஆறரை."

"ஆறரைக்கு நான் செபமாலை சொல்லுறனான்."

"அப்ப ஏழு மணிக்கு எடுக்கவோ?"

"வேண்டாம், வேண்டாம். நான் ஆறு மணிக்கே சொல்லி முடிக்கிறன்." பிறகு, "அவன் மெலிஞ்சிட்டானோ? அந்தத் தோள் மெலிஞ்ச தோள் மாதிரிக் கிடந்தது" என்றார்.

அந்தப் பதிவை எத்தனை தரம் பார்த்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தானும் வரட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். அப்பா ஒரு பையில் பெரியப்பாவின் செத்தவீட்டுக் கார்டும், ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாயும் வைத்து வாசலில் வைத்திருக்கிறார்.

ஒடென்சேக்காரருக்கு முழு இரண்டு மணி நேரப் பதிவையும் அனுப்பினேன். அதில் சித்தப்பா வருகிற இடம் கதிரைகளாகவே இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

நாளை: காலை ரயில், ஃபிரடெரிசியாவில் மாற வேண்டும். சார்ஜர் எடுக்க வேண்டும். ஊறுகாய்ப் பையை மறக்கக் கூடாது. சாப்பிட்டு முடிந்ததும், இரண்டு மணிக்கு மாமிக்கு வீடியோ அழைப்பு. எடுத்து, போனைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, நான் சமையலறைக்குப் போய் சித்தியோடு நிற்க வேண்டும்.